தாய்ச்செடி பட்ட வறட்சி பேத்திக்குத் தெரியுமா? பச்சைப்பயறில் சோதிக்கும் முறை

தண்ணீரில்லாமல் தவித்த செடியின் விதை, அந்தத் தவிப்பை எப்படியாவது சுமந்து வருமா? மலேசியாவின் பினாங்கில் படிவம் நான்கு, ஐந்து (16, 17 வயது) மாணவர்கள் அறிவியல் போட்டிக்கு எடுத்துச் செய்ய விரும்பும் கேள்வி இது. செய்து பார்த்தும் இருக்கிறேன், பலர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தும் வருகிறேன். செடி வளர்ப்பதில் யாரும் தோற்பதில்லை. முதல் தலைமுறை விதையைக் கையில் எடுத்த பிறகுதான் வண்டி தடம் புரள்கிறது.

காரணம் இது: தாய் கட்டிக்கொடுத்த சோறு வேறு, சொல்லிக்கொடுத்த பாடம் வேறு. வாடிய தாயின் விதை சிறுத்தோ பெருத்தோ இருக்கலாம். அதனால் பிள்ளைச்செடி மாறி வளர்ந்தால், அது சோற்றின் வேலை. கீழே வரும் படிகளின் வரிசை முழுவதும் இந்த இரண்டையும் பிரிப்பதற்காகத்தான். ஒரு படியை முன்பின்னாக மாற்றினாலும் பிரிக்க முடியாமல் போகும்.

1. கேள்வியை ஒரு வரியில் எழுதுங்கள்

"செடிகளுக்கு ஞாபகம் உண்டா" என்பது சோதிக்கக்கூடிய கேள்வி இல்லை. இப்படி எழுதுங்கள்: "பூக்கும் முன் வறட்சி பட்ட பயறுச்செடியின் பிள்ளையும் பேரப்பிள்ளையும், வறண்ட மண்ணில் மற்றவற்றைவிடக் குறைவாக எடை இழக்குமா?" எந்தச் செடி, எந்த அழுத்தம், எந்தத் தலைமுறை, எதை அளக்கிறோம் என்ற நான்கும் இதற்குள் வந்துவிடுகின்றன.

என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதையும் இப்போதே எழுதித் தேதி போட்டு வையுங்கள். முடிவைப் பார்த்த பிறகு எழுதினால், கிடைத்தது எதுவாக இருந்தாலும் அதைத்தான் எதிர்பார்த்தோம் என்று மனம் சொல்லிவிடும்.

2. நாள்காட்டியும் சாமான்களும்

நான்கு முறை விதைக்க வேண்டும்: விதை பெருக்கும் முன்சுற்று, தாய், பிள்ளை, பேரப்பிள்ளை. பயறு 30 முதல் 40 நாளில் பூத்து, 60 முதல் 75 நாளில் காய் முற்றும். முதல் மூன்று சுற்றும் விதை வரை போகும். கடைசிச் சுற்றுக்கு ஆறு வாரம் போதும். எப்படிக் கூட்டினாலும் ஒன்பது, பத்து மாதம். போட்டிக்கு மூன்று மாதம் இருக்கும்போது வந்து கேட்பவர்களிடம் வேறு தலைப்பு எடுக்கச் சொல்லிவிடுவேன்.

பயறைத் தேர்ந்தெடுத்தது ஏன்? நம் ஊர்ச் சூட்டைத் தாங்கும். ஆண்டு முழுதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரமாகவே இருக்கும் இங்கே எந்த மாதத்திலும் பூக்கும். பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே காய்ப்பதால் தகப்பன் யார் என்ற குழப்பமும் கிடையாது. கடுகுக்கீரை வகைகள் பலவற்றில் இது நடக்காது. அவை அயல் மகரந்தம் தேடும்.

வாங்க வேண்டியவை: ஒரே அளவில் சுமார் இரண்டு லிட்டர் பிடிக்கும் தொட்டிகள் 48. ஒரு கிராம் வரை காட்டும் சமையலறைத் தராசு. ஒரு கிராமில் ஆயிரத்தில் ஒரு பங்கு வரை காட்டும் சின்னத் தராசு. நகை நிறுப்பதற்கென்று இணையத்தில் விற்பார்கள். கொசுவலை, தாள் உறைகள், சிலிகா ஜெல் (ஈரம் உறிஞ்சும் மணிகள்), பென்சில். பேனா மை இரண்டே மழையில் காணாமல் போகும்.

மணலும் கறுப்பு மண்ணும் நான்கு சுற்றுக்கும் சேர்த்து ஒரே தடவையில் வாங்கிக் கலந்துவிடுங்கள். இரண்டு பங்கு மணல், ஒரு பங்கு மண். தென்னைநார்த் தூள் மலிவுதான், ஆனால் வேரில் ஒட்டிக்கொள்ளும், கழுவினாலும் போகாது. கடைசியில் நீங்கள் நிறுப்பது பாதி நாராக இருக்கும்.

மேலே ஒளி புகும் கூரை கட்டாயம். கோலாலம்பூரில் மாலை இடிமழை ஒன்று போதும், மூன்று வார வறட்சி அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். பினாங்கில் சனவரி, பிப்ரவரி பொதுவாக வறண்ட மாதங்கள் என்றாலும் அதை நம்பிக் கூரையை விடாதீர்கள்.

3. ஒரே செடியின் விதையிலிருந்து தொடங்குங்கள்

இந்த முன்சுற்றைத்தான் எல்லோரும் தாவப் பார்ப்பார்கள். ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடையில் வாங்கும் பயறு, ஒரே பொட்டலத்தில் பல இரகம், பல வயலின் கலவை. அதை அப்படியே விதைத்து வறட்சி கொடுத்தால், இயல்பிலேயே தாங்கும் இரகம் அதிக விதை கொடுக்கும், தாங்காதது குறைவாகக் கொடுக்கும். அடுத்த தலைமுறை நன்றாகத் தாங்கினால் அது வடிகட்டல். கற்றது எதுவும் இல்லை.

ஆகவே ஈரத் துணியில் கட்டி முளைக்கிறதா என்று பாருங்கள் (தவுகே எனும் முளைப்பயறு போடும் அதே பயறுதான்). ஏழெட்டு விதையை நட்டு, நிறையக் காய்க்கும் ஒரே ஒரு செடியைத் தேர்ந்தெடுத்து, அதன் விதையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். தன் மகரந்தத்தால் வழிவழியாக வந்த செடி என்பதால் அந்த விதைகள் மரபணுவில் ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். இனிமேல் காணும் வேறுபாட்டுக்கு மரபணுவைக் காரணம் காட்டுவது கடினம்.

4. தாய்ச்செடிகளுக்கு வறட்சி

16 தொட்டி: எட்டுக்கு நல்ல தண்ணீர், எட்டுக்கு வறட்சி. எது எதற்கு என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்யுங்கள். கண்ணால் தேர்ந்தெடுத்தால், நல்ல நாற்று தன்னையறியாமல் ஒரு பக்கம் போய்ச் சேரும்.

வறட்சியை "இரண்டு நாளைக்கு ஒரு முறை தண்ணீர்" என்று கணக்கிடாதீர்கள். ஒரு நாள் வெயில், ஒரு நாள் மேகம், ஓர் ஆண்டு புகைமூட்டம். இரண்டு நாள் என்பதற்குப் பொருளே இல்லை. தொட்டியை நிறுங்கள். காய்ந்த மண்ணோடு ஒரு தொட்டி 2600 கிராம் என்று வையுங்கள். தண்ணீர் ஊற்றி, சொட்டு நின்றபின் 3100. அப்படியானால் மண் பிடிப்பது 500 கிராம். நல்ல தண்ணீர்த் தொட்டியை 80 விழுக்காட்டில், அதாவது 3000 கிராமில் வையுங்கள். வறட்சித் தொட்டியை 40 விழுக்காட்டில், 2800-இல். தினமும் காலையில் நிறுத்து, குறைந்ததை மட்டும் ஊற்றுங்கள். செடியின் எடை இதில் சேர்ந்து வரும்தான்; இந்த வயதில் அது சில கிராம், பொருட்படுத்த வேண்டாம்.

முதல் மூவிலை (மூன்று சிற்றிலை சேர்ந்த இலை) நன்றாக விரிந்ததும் வறட்சியைத் தொடங்குங்கள். மொட்டு கண்ணில் பட்டவுடன் நிறுத்தி எல்லாத் தொட்டிக்கும் ஒரே அளவு தண்ணீர் கொடுங்கள். இது ஏன் முக்கியம் என்றால், காய் பிடித்த பிறகும் வறட்சி தொடர்ந்தால் உள்ளே இருக்கும் கருவும் நேராகவே வாடுகிறது. அதைத் தாயிடமிருந்து பெற்றது என்று சொல்ல முடியாது.

"பூவே இல்லாதபோது கொடுத்த வறட்சி விதைக்கு எப்படிப் போகும் டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். நல்ல கேள்வி. விலங்குகளில் முட்டையையும் விந்தையும் தரும் உயிரணுக்கள் கருவிலேயே தனியாக ஒதுங்கிவிடும். செடியில் அந்தப் பிரிவு வெகு தாமதம். நுனிக்குருத்தின் அணுக்களிலிருந்துதான் பிறகு பூ வருகிறது. குருத்து பட்ட அனுபவம், மரபணுவின் வேலையைக் கூட்டிக் குறைக்கும் அடையாளங்களாக, அதாவது டிஎன்ஏ மீது ஒட்டும் மெத்தில் குறிகளாகவோ சிறு ஆர்என்ஏக்களாகவோ பூ வரை போக வழியுண்டு. பெரும்பாலான குறிகள் வழியில் அழிக்கப்படும் என்பதும் உண்மை.

செடியைச் சாகவிடாதீர்கள். நண்பகலில் இலை தொங்குவதைக் கண்டு பதறவும் வேண்டாம், அது நம் வெயிலில் எல்லாச் செடியும் செய்வது. காலை ஏழு மணிக்கும் தொங்கினால்தான் எல்லை தாண்டிவிட்டது என்று பொருள்.

கொசுவலையால் மூடி வையுங்கள். வெள்ளை ஈ பயறுக்கு மஞ்சள் தேமல் நோயைக் கொண்டுவரும் என்பது ஒரு காரணம். புழு கடிப்பதே தனி அழுத்தம் என்பது இன்னொன்று. காட்டு முள்ளங்கியில் புழு கடித்த தாயின் பிள்ளைகள் அதிக எதிர்ப்புக் காட்டியதாக 1999-லும், தக்காளியிலும் அராபிடாப்சிஸ் என்ற சிறு கடுகினச் செடியிலும் அதுபோலவே கண்டதாக 2012-லும் ஆய்வுகள் வெளிவந்தன. உங்கள் வறட்சிச் சோதனைக்குள் புழுவின் கதையும் நுழைந்தால் இரண்டையும் பிரிக்க முடியாது. வேப்பெண்ணெய் தெளிப்பதென்றால் எல்லாத் தொட்டிக்கும் தெளியுங்கள், அல்லது ஒன்றுக்கும் வேண்டாம்.

மூன்று நாளுக்கு ஒரு முறை தொட்டிகளை இடம் மாற்றுங்கள். பால்கனியில் சுவர் ஓரத்துக்கும் கம்பி ஓரத்துக்கும் வெயில் ஒன்றல்ல.

5. விதை எடுப்பதும் சேமிப்பதும்

பயறு ஒரே நாளில் முற்றாது. கறுத்த காயை இரண்டு நாளைக்கு ஒரு முறை பறித்து, ஒவ்வொரு தாய்க்கும் தனி உறையில் போட்டு, பறித்த தேதியை எழுதுங்கள். எட்டுத் தாயின் விதையையும் ஒரே டப்பாவில் கொட்டிவிட்டால் சோதனை அத்தோடு முடிந்தது. ஏன் என்பது 10-ஆம் படியில் தெரியும்.

உறையின் மேல் "வறட்சி", "தண்ணீர்" என்று எழுதாதீர்கள். எண் மட்டும். எந்த எண் எது என்ற பட்டியல் வீட்டில் வேறொருவரிடம் இருக்கட்டும். பின்னால் அளக்கப்போகிறவர் நீங்கள். தெரிந்திருந்தால் கை சாயும்.

நிழலில் உலர்த்தி, சிலிகா ஜெல்லோடு மூடிய போத்தலில் ஒரு வாரம் வையுங்கள். நம் காற்றின் ஈரத்தில் வெறும் உறையில் வைத்த விதை சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும், வண்டும் துளைக்கும். நன்றாக உலர்ந்தபின் சில நாள் ஃப்ரீசரில் வைத்தால் வண்டின் முட்டை சாகும். பிறகு ஐஸ்பெட்டியின் கீழ்த்தட்டு. எல்லா உறைக்கும் ஒரே கவனிப்பு.

6. ஒவ்வொரு விதையையும் நிறுங்கள்

அலுப்பான வேலைதான். ஆனால் சோற்றையும் பாடத்தையும் பிரிக்கும் முதல் இடம் இது.

பயறு விதை ஒன்று பெரும்பாலும் 40 முதல் 70 மில்லிகிராம். சிலிகா ஜெல்லிலிருந்து எடுத்த அதே நாளில், மேலே சுற்றும் காற்றாடியை நிறுத்திவிட்டு நிறுங்கள். காற்று பட்டால் கடைசி எண் ஆடிக்கொண்டே இருக்கும். ஒரு தாய்க்கு 20 விதை போதும்.

இப்போது 16 தாய்க்கும் பொதுவாகக் கிடைக்கும் எடை எது என்று பாருங்கள். எல்லா உறையிலும் 50 முதல் 55 மில்லிகிராம் விதை இருக்கிறது என்றால், அந்த விதைகளை மட்டும் அடுத்த சுற்றுக்கு எடுங்கள். வறட்சிக் கூட்டத்தின் விதை எப்போதும் சிறிதாகத்தான் இருக்கும் என்று நினைக்க வேண்டாம். காய் குறைந்தால் மிச்சமிருக்கும் விதைக்கு அதிகம் கிடைத்து, அது பெருத்தும் போகலாம். எது நடந்தாலும் குறிப்பேட்டில் எழுதுங்கள். அதுவே ஒரு முடிவு.

எடையைச் சமமாக்கியதும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் அதிகம். 52 மில்லிகிராம் விதை இரண்டில் ஒன்றில் புரதம் கூடுதலாகவும் மாவு குறைவாகவும் இருக்கலாம், தோல் தடிப்பாக இருக்கலாம். தராசுக்கு அது தெரியாது. பேரப்பிள்ளை வரை போகச் சொல்வது இதனால்தான். பிள்ளைச்செடிகள் எல்லாம் ஒரே தண்ணீரில் வளர்ந்து விதை கொடுத்தால், அந்த விதைகளுக்குக் கிடைத்த சோறு பெரும்பாலும் ஒன்றாகிவிடும். அதன்பிறகும் வேறுபாடு நின்றால் வேறு ஏதோ கடந்து வந்திருக்கிறது.

இன்னொரு பொறி: பயறில் சில விதைகள் கல் போல இருந்து தண்ணீர் குடிக்காது. தாய் வளர்ந்த நிலைக்கு ஏற்ப இந்தக் கல்விதைகளின் பங்கு மாறும். அதனால் ஒரு கூட்டம் இரண்டு நாள் பின்தங்கி முளைத்தால், கடைசியில் எடையும் குறையும். நடுவதற்கு முன் எல்லா விதையின் தோலையும் உப்புத்தாளில் ஒரு தேய் தேய்த்துவிடுங்கள்.

7. பிள்ளைகள்: ஒரு தாய்க்கு மூன்று தொட்டி

ஒவ்வொரு தாயிலிருந்தும் மூன்று விதை. ஒன்று வறட்சிக்கு, ஒன்று நல்ல தண்ணீருக்கு, மூன்றாவது நல்ல தண்ணீரில் விதை வரை வளர. மொத்தம் 48 தொட்டி.

வறட்சியில் மட்டும் வைத்துப் பார்ப்பது வழக்கமான தவறு. வாடிய தாயின் பிள்ளை வறட்சியில் நன்றாக வளர்ந்தது என்று மகிழ்ந்துபோவார்கள். அது நல்ல தண்ணீரிலும் அதே அளவு நன்றாக வளர்ந்திருக்குமா? வளர்ந்திருந்தால் அது பொதுவான தெம்பு. வறட்சியில் மட்டும் வேறுபாடு தெரிந்தால்தான் நம் கேள்விக்கு அது பதிலாகும். இதனால் தாய் இரண்டு விதம், பிள்ளை இரண்டு விதம் என நான்கு கூட்டமும் ஒரே நாளில், ஒரே கூரையின் கீழ் இருக்க வேண்டும்.

போன சுற்றின் எண்களோடு இந்தச் சுற்றின் எண்களை ஒப்பிடவே கூடாது. வெயில் மாறியிருக்கும்.

இடம் போதவில்லை என்றால் விதை வரை வளரும் தொட்டியைச் சிறியதாக்கலாம். தாய்களின் எண்ணிக்கையை மட்டும் குறைக்காதீர்கள்.

8. எதை அளப்பது

தண்ணீரை நிறுத்திவிட்டு எந்தச் செடி முதலில் விழுகிறது என்று பார்க்கத்தான் எல்லோருக்கும் ஆசை. படம் எடுக்க அழகாக இருக்கும். ஆனால் பெரிய செடி தொட்டித் தண்ணீரைச் சீக்கிரம் குடித்துத் தீர்க்கும், சீக்கிரம் விழும். குட்டைச்செடி கடைசி வரை நிற்கும். அது தாங்கும் திறன் இல்லை, சின்ன வயிறு. தொட்டியை நிறுத்து 40 விழுக்காட்டில் வைக்கும் அதே முறையை இங்கேயும் மூன்று வாரம் பின்பற்றுங்கள்.

பிறகு எல்லாவற்றையும் ஒரே நாளில் பிடுங்கி, வேரை வாளித் தண்ணீரில் ஆட்டிக் கழுவி, வேர் ஒரு உறை, தண்டும் இலையும் ஒரு உறை. 70 டிகிரி சூட்டில், உலர்த்தும் அடுப்பில் (ஓவன்) எடை மாறாமல் நிற்கும்வரை, சுமார் இரண்டு நாள் காயவையுங்கள். வெயிலில் காயவைத்தால் மாலைக்குள் மீண்டும் ஈரம் ஏறிவிடும். பள்ளி ஆய்வுக்கூடத்தில் ஓவன் இருந்தால் முன்கூட்டியே கேட்டு வையுங்கள். மற்றவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

மொத்த எடையையும், அதில் வேரின் பங்கையும் எழுதுங்கள். வேரைப் பார்ப்பது ஏன் என்றால், பெர்சிக்காரியா என்ற களைச்செடியில் வறட்சி பட்ட தாயின் பிள்ளைகள் வேரை அதிகம் விட்டதாக 2009-இல் ஓர் ஆய்வு காட்டியது. தேடுவதற்கு நல்ல இடம்.

9. பேரப்பிள்ளைகள்

மூன்றாவது தொட்டியில் விளைந்த விதையை எடுத்து, 5, 6-ஆம் படிகளை அப்படியே செய்து, ஒரு பாட்டிக்கு இரண்டு பேரப்பிள்ளை என 32 தொட்டியில் நடுங்கள்: ஒன்று வறட்சி, ஒன்று தண்ணீர். அளப்பது முன்போலவே.

இங்கே வேறுபாடு மறைந்துவிட்டால் சோர்ந்துபோக வேண்டாம். 2016-இல் அராபிடாப்சிஸில் உப்பு அழுத்தத்தை வைத்துச் செய்த ஆய்வில், அந்தச் சுவடு பெரும்பாலும் தாய் வழியாகவே போனது. அடுத்த தலைமுறைக்கு அழுத்தம் இல்லையென்றால் அழிந்தும் போனது. புழுக்கடியை ஆராய்ந்த 2012 ஆய்விலோ அழுத்தமில்லாத ஒரு தலைமுறையைத் தாண்டியும் எதிர்ப்பு நின்றது; சிறு ஆர்என்ஏ உருவாக்க முடியாத செடிகளில் அது கடக்கவில்லை. ஆகவே எந்த விடை வந்தாலும் அதற்கு முன்னோடி உண்டு. வறட்சி எல்லாச் செடியிலும் பேரன்வரை போகும் என்று அடித்துச் சொல்பவர்களை நான் நம்புவதில்லை.

10. எண்களைப் படிப்பது

ஒவ்வொரு தாய்க்கும் ஒரே ஓர் எண் வரவேண்டும்: தண்ணீரில் வளர்ந்த பிள்ளையின் எடையிலிருந்து வறட்சியில் வளர்ந்த பிள்ளையின் எடையைக் கழியுங்கள். அதுதான் இழப்பு. எட்டு எண் இந்தப் பக்கம், எட்டு எண் அந்தப் பக்கம்.

ஒரு தாயின் பத்து விதையை நட்டுவிட்டு "பத்துச் செடியில் சோதித்தேன்" என்று எழுதுவது நடுவர்கள் முதலில் பிடிக்கும் பிழை. அந்தப் பத்தும் ஒரு தாயின் கதையைத்தான் பத்து முறை சொல்கின்றன. வறட்சி கொடுக்கப்பட்டது தாய்க்கு. ஆகவே எண்ண வேண்டியதும் தாயைத்தான். விதைகளைக் கலக்க வேண்டாம் என்று 5-ஆம் படியில் சொன்னது இதற்காக.

சராசரியை மட்டும் கம்பி வரைபடமாகப் போடாதீர்கள். 16 புள்ளியையும் கட்டத்தாளில் வையுங்கள். ஒரே ஒரு செடி சராசரியைத் தூக்கி நிறுத்துகிறதா என்பது கண்ணுக்கே தெரியும்.

பிறகு சீட்டு விளையாட்டு. 16 எண்ணையும் 16 துண்டுத்தாளில் எழுதிக் குலுக்கி, எட்டு எட்டாகப் பிரித்து, இரு சராசரியின் வேறுபாட்டை எழுதுங்கள். 200 முறை செய்யுங்கள். கணினி விரிதாளில் செய்தால் 1000 முறைகூட நொடியில் முடியும். உங்கள் உண்மையான வேறுபாட்டை எட்டியதோ தாண்டியதோ 200-இல் பத்து முறைக்கு மேல் வந்தால், நீங்கள் கண்டது வெறும் குலுக்கலிலும் கிடைக்கக்கூடியது.

முடிவை எழுதும் சொற்களில் கவனம். பிள்ளையில் மட்டும் வேறுபாடு என்றால் "தாயின் தாக்கம்" என்று எழுதுங்கள். பேரப்பிள்ளையிலும் இருந்தால் "தலைமுறை கடந்த தாக்கம்" என்று எழுதலாம். "மெத்தில் குறியால் நடந்தது" என்று எழுத உங்களிடம் எந்த ஆதாரமும் இல்லை. அதற்கு டிஎன்ஏவைப் பிரித்து, குறி எங்கே இருக்கிறது என்று வரிசைப்படுத்திப் பார்க்கும் ஆய்வுக்கூடம் வேண்டும்.

செம்பனையை மேற்கோள் காட்டும் பழக்கமும் நம் மாணவர்களிடம் உண்டு. திசு வளர்ப்பில் உருவான செம்பனையில் காய் கோணலாகும் குறைபாட்டுக்கு, கர்மா என்ற தாவும் மரபணுத் துண்டில் மெத்தில் குறி இழந்ததுதான் காரணம் என்று மலேசிய செம்பனை எண்ணெய் வாரிய ஆய்வாளர்கள் பங்குகொண்ட குழு 2015-இல் கண்டுபிடித்தது. நம் நாட்டுப் பெருமைதான். ஆனால் அது திசுவிலிருந்து நகலெடுத்த மரம். தாய் பட்ட வறட்சி விதை வழியே போனதற்கு அது சாட்சி ஆகாது. குறி மாறினால் செடி மாறும் என்பதற்கு மட்டும் அதைப் பயன்படுத்துங்கள்.

எல்லாம் முடிந்ததும் ஒவ்வொரு தாயின் மிச்ச விதையையும், முன்சுற்றில் தேர்ந்தெடுத்த அந்த ஒற்றைச் செடியின் விதையையும் தேதியோடு ஐஸ்பெட்டியில் விட்டுவையுங்கள். நடுவர் சந்தேகப்பட்டாலும், அடுத்த ஆண்டு வேறொரு மாணவர் திரும்பச் செய்து பார்க்க வந்தாலும், மளிகைக் கடைப் பொட்டலத்திலிருந்து மறுபடி தொடங்க வேண்டியிருக்காது.